பிணி தீர்ப்பாரும் மனச்சோர்வும்

கீழ்நாட்டு வெயிலில் உழைத்துக் களைத்தவர் சில நாளேனும் மலையேறி இளைப்பாறல் வேண்டும் என்னும் எண்ணமே ஏற்காட்டை ஒரு நகராக்கிற்று. சேலம் ஜில்லாவின் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820ஐ அடுத்த ஆண்டுகளில் காப்பிச் செடியைச் சேர்வராயன் மலைக்குக் கொணர்ந்தார். அவரைத் தொடர்ந்து தோட்ட முதலாளிகளும், உத்தியோகஸ்தர்களும், மிஷன் ஊழியர்களும் மேலேறி வந்து வீடுகள் அமைத்தனர். கோடையில் இரண்டொரு மாதம் குளிர்ந்த காற்றை நுகர்ந்து, வெயில் தணிந்தபின் தத்தம் பணிக்கு இறங்கினர். ஓய்வு சோம்பலன்று, உழைப்பின் ஒரு கூறே என்பதில் அவர்க்கு ஐயமிருந்ததில்லை. அஃது தமக்கு உரியதென்றே கருதினர். எவரிடத்தும் இரந்து பெற்றாரல்லர்.

அம்மலையிலேயே 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் ஓய்வை அறியாது உழைத்தவர் உளர். அவரைப் பற்றியும், அவரைப் போல் நாடெங்கும் கொரோனாக் கொள்ளைநோயின் நடுவே நின்ற வைத்தியர், தாதியர், ஏனைய ஊழியர் ஆகியோரின் மனநிலை பற்றியும் ஈண்டுச் சில கூற விழைகின்றேன். நம் மாணவ மாணவியருள் வைத்தியத்தையும் தாதித் தொழிலையும் நாடுவோர் உளர். பழைய மாணவருள் வைத்தியசாலைகளை நடத்துவோரும் உளர். ஆதலின் இஃது இவ்விதழுக்குப் புறம்பான பொருளன்று.

ஏற்காட்டு வட்டத்தில் நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, மாரமங்கலம் முதலாக அறுபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் உள்ளன. காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே சிதறிக் கிடப்பவை இவை. மலையாளி என்று வழங்கப்பெறும் மலைவாழ் மக்களே இவற்றில் மிகுதி. ஊரடங்கின்போது மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் வெறிச்சோடின. அவ்வீராண்டும் கோடை விழா நடைபெறவில்லை. ஊர் அடங்கிற்று, ஆயின் கிராம சுகாதாரச் செவிலியரும், ஆஷா என்னும் பெண் ஊழியரும் அடங்கியிருக்க இயலவில்லை. காய்ச்சல் கண்டாரைக் கணக்கெடுத்தல், வெளியூரினின்று திரும்பினாரைத் தனித்திருக்கச் செய்தல், கருவுற்ற பெண்டிரை வழக்கம்போற் பார்த்து வருதல், 2021 பிறந்தபின் தடுப்பூசிக்கு அஞ்சினாரிடம் நயந்து பேசுதல் ஆகிய யாவும் இத்தகையோர் தலைமேல் வீழ்ந்தன. மூச்சுத் திணறல் மிக்க நோயாளிக்கு மேற்சிகிச்சை வேண்டின் சேலமே கதி. ஆம்புலன்சு வண்டி மலையிறங்கும்; நேற்றுவரை அவனைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய செவிலி மேலே நிற்பாள். அவன் மீள்வானோ மாட்டானோ என்று அவளுக்கு உடனுக்குடன் வந்து சொல்வார் யார்? நகரத்து வைத்தியசாலையிற் சாவைக் கண்ணெதிரே காண்பது ஒரு துன்பம். சிற்றூரில் தெரிந்தவரை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வேறொரு துன்பம். பின்னதைப் பற்றி எழுதுவார் குறைவு.

மலையடிவாரத்தின் நிலையும் எளிதன்று. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் புகலிடமாயிற்று. இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், கஞ்சமலைச் சாரலிலுள்ள சேலம் உருக்காலையின் வளாகத்தில் ஆக்சிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் கொண்ட சிகிச்சை நிலையம் அமைக்கப்பெற்றது. போற்றத்தக்க வேகம் அது. ஆனால் படுக்கையைச் சில வாரங்களில் அமைத்துவிடலாம். அதனருகே நிற்கும் செவிலியை உருவாக்க மூன்று நான்கு ஆண்டு வேண்டும். ஆகவே படுக்கை பெருகப் பெருக, உள்ள கைகளே மேலும் மேலும் உழைக்க நேர்ந்தது. உடம்பு முழுவதையும் மூடும் பாதுகாப்பு உடையை ஒருமுறை அணிந்தால் பணிநேரம் முடியுமட்டும் கழற்றலாகாது. ஆதலாற் பலர் தண்ணீரும் பருகாது நின்றனர். பணி முடிந்தும் வீடு செல்லாது தனி அறையிலிருந்து, பெற்ற பிள்ளையின் முகத்தைத் தொலைபேசித் திரையிற் கண்டவர் எத்துணையர்!

நிற்க. இவர்கட்கு நாம் செய்தது யாது? 2020 மார்ச்சு 22ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு வாயிலில் நின்று கைதட்டினோம். தட்டும் மணியும் ஒலித்தோம். மே 3ஆம் நாள் விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வைத்தியசாலைகளின்மேல் மலர் சொரிந்தன. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரல் 19ஆம் நாளைத் தமிழர் மறத்தல் ஆகாது. அன்று சென்னையில் நரம்பியல் அறுவை வைத்தியர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். அவருடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கஞ் செய்ய எதிர்ப்பு எழுந்தது. அண்ணா நகரை அடுத்த வேலங்காட்டு இடுகாட்டுக்குக் கொண்டு சென்றபோது, ஒரு கும்பல் கல்லும் கழியுங் கொண்டு தாக்கிற்று. உடன் சென்றோர் காயமுற்றுச் சிதறினர். பின்னர் அவருடைய நண்பரும் வைத்தியருமாகிய பிரதீப் குமார், வைத்தியசாலை ஊழியர் இருவரைத் துணைக்கொண்டு திரும்பி வந்து, தம் கையாலேயே மண்ணைத் தள்ளி நள்ளிரவில் நண்பரை அடக்கஞ் செய்தார். கணவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்திலேயே அடக்க இசைவு வேண்டி அவருடைய மனைவி நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. இதற்குச் சில நாள் முன்னர் நெல்லூரைச் சேர்ந்த மற்றொரு வைத்தியரின் உடலை அம்பத்தூரில் எரியூட்டவும் எதிர்ப்பு எழுந்திருந்தது.

இச்செய்தியை இரவுப் பணியிலிருந்த ஒரு தாதி கேட்டாள் என்று கொள்வோம். சாவு வரலாம் என்பதை அவள் முன்னரே அறிவாள். அதற்கு ஒருவாறு மனத்தை ஆயத்தமும் செய்திருப்பாள். செத்தபின் தன்னைப் புதைக்க இடங்கொடார் என்பது புதிய அறிவு. எத்துணை மலர் சொரிந்தாலும் அவ்வறிவு மனத்தைவிட்டு அகலாது. மனச்சோர்வை ஏதோ தனியொருவரின் உள்ளத்திற் பிறக்கும் வலுக்குறைவாகக் கருதி, தைரியம் ஊட்டினாற் போதும் என்பாரை நான் மறுப்பது இதனாலேதான். அச்சோர்வின் பெரும்பகுதி புறத்தேயிருந்து வருவது. தூக்கமின்மையால் வருவது, வாடகை வீட்டை ஒழிக்கச் சொல்வாரால் வருவது, நாளை வேலை உண்டோ இல்லையோ என்னும் ஐயத்தால் வருவது. காரணம் புறத்தே இருக்க, மருந்தை மட்டும் அகத்தே தேடுவது என்ன நியாயம்?

சட்டம் வாளாவிருக்கவில்லை. புனாவிலும் பம்பாயிலும் பிளேக்கு நோய் பரவிய 1897ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கொள்ளைநோய்ச் சட்டம், நோயைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. நோயாளியின் பக்கத்தில் நிற்பாரை அடிப்பவனுக்குத் தனித் தண்டனை எதுவும் கூறவில்லை. 123 ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரல் 22இல், வேலங்காட்டு நிகழ்ச்சிக்கு மூன்று நாள் பிந்தி, அவசரச் சட்டத்தால் அக்குறை நீக்கப்பெற்றது. பணியில் இறந்த ஊழியரின் குடும்பத்திற்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீடும் மத்திய அரசினரால் அறிவிக்கப்பெற்றது. நன்று. ஆயின் இறப்பார்க்கு ஈடு குறித்த நாம், இருந்து சோர்வார்க்கு யாதொன்றும் குறித்தோமில்லை. 2020 டிசம்பர் 18இல் உச்ச நீதிமன்றமே இதனைச் சுட்ட வேண்டியதாயிற்று. ராஜ்கோட்டு வைத்தியசாலைத் தீ விபத்தைப் பற்றிய வழக்கில், மாதக்கணக்காக இடைவிடாது உழைக்கும் வைத்தியர்க்கு இடையிடையே ஓய்வளிக்க வழி காணுமாறு அரசுகளை அது பணித்தது. ஒருவர் தூங்குவதற்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் கட்டளையிட வேண்டிய காலம் அது!

"படைவீரன் களத்தில் விடுமுறை கேட்பானோ?" என்று வினவுவார் உளர். படைகளின் சரித்திரத்தை அறிந்தார் இவ்வாறு வினவார். முதல் உலகப் போரில் பதுங்குகுழியின் முன்வரிசையில் நின்ற வீரரைச் சில நாட்களுக்கு ஒருமுறை பின்வரிசைக்கு மாற்றுதலே முறையாயிருந்தது. களைத்த வீரன் தனக்கும் பிறர்க்கும் கேடென்பதைத் தளபதியர் அறிவர்.

இன்னும், தாதியர் பள்ளிகளிற் காணும் கைவிளக்கேந்திய நைட்டிங்கேல் அம்மையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கொன்று தோன்றும். கிரிமியப் போரினின்று திரும்பிய அவ்வம்மை, 1857 முதல் நெடுங்காலம் நோயுற்றுத் தம் அறையினுள்ளேயே கிடந்தார். தம் பெரும் சீர்திருத்தப் பணிகளுட் பலவற்றைப் படுக்கையிலிருந்தே எழுதி நடத்தினார். அந்தப் படத்தை ஏன் எவரும் மாட்டுவதில்லை? விளக்கைப் போற்றுகிறோம், எண்ணெய் வற்றியதைப் பேசுதல் மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். தெய்வம் என்று வைத்தியரைக் கும்பிடுவதிலும் இவ்வபாயம் உண்டு. தெய்வத்துக்குக் களைப்பு ஏது? கும்பிடப்பட்டவர் தம் சோர்வை வாய்விட்டுச் சொல்ல நாணுவர்.

இந்நாணம் உயிரையும் வாங்கும். நியூயார்க்கில் ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவியாயிருந்த லோர்னா பிரீன் என்னும் வைத்தியர், தாமும் கொரோனாவுற்றுத் தேறிப் பணிக்கு மீண்டார். நோயாளரின் வெள்ளத்தில் மனம் முறிந்து, 2020 ஏப்ரல் 26இல் தம் உயிரைத் தாமே துறந்தார். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றது தெரிந்தால் தொழிலையே இழக்க நேருமோ என்று அவர் அஞ்சியதாக அவர் குடும்பத்தார் கூறினர். அவர் பெயராலேயே 2022 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. நம் நாட்டிலும் 2022இல் 14416 என்னும் மனநலத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பெற்றது. இலவசமாகப் பேசலாம், நல்ல ஏற்பாடு. எனினும் பேசியது மேலதிகாரியின் காதுக்கு எட்டாது என்னும் உறுதி இருந்தாலன்றி அவ்வெண்ணைச் சுழற்றக் கை எழாது.

வேலையுறுதி பற்றி மேலே கூறினேன். கொள்ளைநோயின்போது தமிழ்நாட்டில் ஒப்பந்த முறையில் ஆயிரக்கணக்கான செவிலியர் அமர்த்தப்பெற்றனர். மாதம் 14,000 ரூபாய் தொகுப்பூதியம். அவருள் ஏறத்தாழ 2,400 பேருடைய பணி 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிவுற்றது. புத்தாண்டு பிறந்தபோது அவர்கள் தெருவில் நின்று போராடினர். பின்னர் 18,000 ரூபாய் ஊதியத்தில் மாவட்டங்களில் மாற்றுப்பணி அளிப்பதாக அரசு கூறிற்று. அரசின் பொருள்நிலை வேறு பொருள். அதை ஈண்டு ஆராயப் புகவில்லை. மூன்றாண்டுக்கு முன் கைதட்டப்பெற்றவர் அன்று என்ன நினைத்திருப்பர் என்பதே என் கேள்வி. அடுத்த கொள்ளைநோய் வரின், அவர்களை மீண்டும் அழைக்க நமக்கு முகம் உண்டோ?

ஆதலின் வைத்தியசாலைகளை நடத்தும் நம் பழைய மாணவர்க்கு ஒன்று விண்ணப்பிப்பேன். நோய்க்காலத் திட்டம் வகுக்கும்போது படுக்கை இத்தனை, ஆக்சிஜன் இத்தனை என்றெழுதும் அதே தாளில், யார் எந்த நாளில் ஓய்வெடுப்பார் என்பதையும் எழுதிவிடுங்கள். நெருக்கடி வந்தபின் எழுத நேரமிராது. கேட்டுப் பெறும் ஓய்வாக அஃது இருத்தல் கூடாது. முறை வந்தால் எவரும் போயே தீரவேண்டும், தலைமை வைத்தியர் உட்பட.

ஏற்காட்டைப் பொறுத்தவரை இடத்துக்குக் குறைவில்லை. பயணிகள் வாராத காலத்தில் பூட்டிக் கிடக்கும் விடுதிகளும், தோட்டத்து பங்களாக்களும், மிஷன் ஓய்வு இல்லங்களும் இம்மலையில் எத்தனையோ உண்டு. நோய் அற்ற இக்காலத்திலேயே அவற்றின் உரிமையாளரோடு பேசி, இல்லத்துக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு வாரம் என்று இசைவு பெற்று வைக்கலாம். மலையின் செவிலியர்க்கு முதலிடம். எஞ்சிய அறைகள் சேலத்திலிருந்து மேலேறி வருவோர்க்கு. சமையலுக்கும் வண்டிக்கும் ஆகும் செலவு பெரிதன்று. சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.