பூட்டன் சொத்துக்குச் சலுகை, குடியிருக்க வருபவருக்குச் சாதிக் கேள்வி

நாமக்கல்லில் வாடகைக்கு வீடு தேடிய தலித் எவருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான்: "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" மோகனூர் சாலைப் பக்கம் நான் பார்த்த முதல் இரண்டு வீடுகளும் பதில் சொன்ன மறுநாளே "சொந்தக்காரங்களுக்கு" என்று ஆகிவிட்டன. மூன்றாவதாக, நண்பர் ஒருவர் பேசி முடித்ததால் ஒரு லைன் வீடு கிடைத்தது. வாடகை போட வேண்டிய வங்கிக் கணக்கில் உரிமையாளரின் பெயருக்குப் பின்னால் "எச்.யு.எஃப்." என்று இருந்தது.

அதாவது, இந்து கூட்டுக்குடும்பம். வருமான வரிச் சட்டம் இதைத் தனி ஆளைப் போலவே கருதுகிறது. தனி பான் எண், தனி வரிக் கணக்கு, தனி வரம்பு எல்லாம் உண்டு. வீட்டு உரிமையாளர்களுக்கு ஆடிட்டர்கள் சொல்லித்தரும் வரி சேமிப்பு வழிகளில் இது முக்கியமானது.

ஒரு கணக்குப் பார்ப்போம். பூர்வீக வீடுகளிலிருந்து ஆண்டுக்கு 5 லட்சம் வாடகை வருகிறது. சட்டம் தரும் 30 விழுக்காடு கழிவு போக மீதி 3.5 லட்சம். ஏற்கெனவே 20 லட்சம் வருமானம் உள்ளவர் 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் இதைத் தன் வருமானத்தோடு சேர்த்துக் காட்டினால், செஸ்ஸோடு 91,000 ரூபாய் கூடுதல் வரி. கூட்டுக்குடும்பத்தின் பெயரில் காட்டினால் 4 லட்சம் வரை வரியே இல்லை. இது ஏய்ப்பு அல்ல. சட்டமே திறந்துவைத்திருக்கும் வழி.

"இந்து என்றால் தலித்தும் தொடங்கலாமே, இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64(2) பிரிவைப் படித்தால் புரியும். ஒருவர் தன் உழைப்பில் வாங்கிய சொத்தைக் கூட்டுக்குடும்பத்தில் போட்டால், அந்த வருமானம் அவர் கணக்கிலேயே சேரும். சலுகை பெரிதும் பூட்டன், பாட்டன் வழி வந்த சொத்துக்குத்தான். என் பாட்டன் பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். அவர் விட்டுச் சென்றது சேரியில் ஒரு குடிசை மனை. நிலம் வைத்திருக்கும் உரிமையையே தலைமுறை தலைமுறையாக மறுத்துவிட்டு, பரம்பரைச் சொத்துக்குச் சலுகை என்றால் அது யாருக்குப் போகும்? 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களையே இன்னும் மீட்டுக் கொண்டிருக்கிறோம். முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்களுக்கோ இந்த ஏற்பாடே கிடையாது.

இதை ஒழிக்க முடியாததும் இல்லை. கேரளம் 1975லேயே இந்து கூட்டுக்குடும்ப முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது. 2018இல் சட்ட ஆணையத்தின் குடும்பச் சட்டச் சீர்திருத்த ஆலோசனை அறிக்கையும் கூட்டுக்குடும்பத்துக்கான வரி ஏற்பாடு தேவையில்லை என்றது. ஆனால் 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வருமான வரிச் சட்டமும் அதை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. சாதி வாரியாகச் சலுகை வேண்டாம் என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்கள் யாரும் இந்தச் சலுகையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

என் உரிமையாளரின் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு ஊரில், தனித்தனி அடுப்பு. காகிதத்தில் மட்டும் பிரியாத குடும்பம். வரி அலுவலகம் அவர்களைத் துருவிக் கேட்பதில்லை. வாடகைக்குப் போகும் எங்களிடம்தான் ஊர், தெரு, குலசாமி வரை விசாரணை.

நாம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தமிழ்நாட்டிலும் கூட்டுக்குடும்ப வரி ஏற்பாடு ஒழிய வேண்டும். இரண்டு, வாடகை வருமானத்துக்கு 30 விழுக்காடு கழிவு கேட்கிறவர் சாதி பார்த்து வீடு மறுத்தது உறுதியானால், அந்தக் கழிவை இழக்க வேண்டும். பொதுப் பணத்தில் சலுகை வாங்குகிற வீட்டின் வாசலில் சாதி கேட்க எவருக்கும் உரிமை இல்லை.