ஓசூர் வந்து சேராத ஆய்வு

தொடர்ந்த மனஅழுத்தம் மூளை நரம்பணுக்களைச் சுருக்கிவிடும் என்றே நெடுங்காலம் பாடம் சொல்லப்பட்டது. அது பாதி உண்மைதான் என்று காட்டியது 2002-ல் பெங்களூருவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்த்ர சட்டர்ஜி, அஜய் வியாஸ், ரூப்ஷி மித்ரா, மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் சங்கரநாராயண ராவ் ஆகியோர் எழுதியது அது.

எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசையவிடாமல் வைத்தார்கள். பிறகு மூளையை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சாயமேறிய நரம்பணு, இலையுதிர்ந்த கருவேல மரம்போலக் கறுப்பாக நிற்கும். நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸில் அந்த மரத்தின் கிளைகள் குறுகியிருந்தன. அச்சத்துக்குரிய அமிக்டலாவிலோ கிளைகள் நீண்டு பெருகியிருந்தன. 2004-ல் வந்த அடுத்த கட்டுரை இன்னும் கவலை தருவது: 21 நாட்கள் ஓய்வு கொடுத்த பிறகும் அமிக்டலா பழைய நிலைக்குத் திரும்பவில்லை, எலிகளின் பதற்றமும் தணியவில்லை.

2002 கட்டுரையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. ஒரு கருத்தைப் பிறர் எடுத்துச் சோதித்ததற்கான தடயம் அது. அதன் மதிப்பை நான் குறைக்க மாட்டேன். ஆனால், 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் ‘எச் குறியீட்டை’ முன்வைத்த பிறகு, இந்த எண்ணிக்கையே ஆய்வாளரின் தகுதியை அளக்கும் படியாகிவிட்டது. யாருடைய வாழ்க்கையில் என்ன மாறியது என்ற கணக்குக்கு அதில் இடமில்லை.

நிம்ஹான்ஸ் இருப்பதே ஓசூர் சாலையில்தான். அங்கிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டி, ஜூஜுவாடியில் மாநில எல்லையைக் கடந்தால் சுமார் 35 கிலோமீட்டரில் ஓசூர் வந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஆய்வு மட்டும் இங்கே வந்து சேரவில்லை.

சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களைப் பார்க்கும் மருத்துவர் நான். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் ஓர் இளைஞர் போன மாதம் வந்தார். “நைட் ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்குப் போனா கண்ணு மூட மாட்டேங்குது டாக்டர். எவனாவது ஹாரன் அடிச்சா தூக்கிவாரிப் போடுது” என்றார். ரத்த அழுத்தம் 150/96. மாத்திரை எழுதிக்கொடுத்தேன். அவருடைய ஷிப்ட்டை மாற்றி எழுத என் சீட்டில் இடமில்லை.

எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாதுதான். ஆனால், வேலையின் நெருக்கடி அதிகமாகவும் அதைத் தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனஅழுத்தம் மிகுதி என்று 1979-லேயே காராசெக் என்ற ஆய்வாளர் எழுதினார். அசெம்பிளி லைனில் நிற்பவரின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் கூலியும் உரிமையும் பேசப்பட்டன. மூளைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் உரக்க எழுந்திருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் அந்த ஏற்பாடு, தொழிற்சாலைகளில் தூக்கத்தையும் பதற்றத்தையும் பற்றி நாலு கேள்வி கேட்கட்டும். தமிழில் மட்டுமல்ல, தெலுங்கு, கன்னடம், இந்தியிலும் கேட்கட்டும். ஷிப்ட் பட்டியலை ஒரு மாதம் முன்பே ஒட்டுவதும், இரவுப் பணிக்குப் பிறகு போதிய இடைவெளி தருவதும் நிர்வாகங்களின் கையில் இருக்கின்றன. ஆய்வாளர் தன் கண்டுபிடிப்பைத் தொழிலாளியின் மொழியில் எழுதினால், பதவி உயர்வின்போது அதையும் பல்கலைக்கழகங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓசூரில் ஒரு கம்பெனி, அந்த எலிகளின் 21 நாட்களை மனதில் வைத்துத் தன் ஷிப்ட் பட்டியலைத் திருத்தி எழுதட்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் அந்த ஒற்றைத் தாளையும் 2002 கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோளாகவே எண்ண வேண்டும்.

- கட்டுரையாளர், தொழில்சார் நல மருத்துவர், ஓசூர்