ஆட்டின் குடலே முடுக்கிவிடும் நஞ்சு

மழை பெய்து புல் தளிர்க்கும் நாட்களில், பட்டியில் நன்றாகக் கொழுத்த ஆடாகப் பார்த்துத் தாக்கும் நோய் துள்ளுமாரி. மாலையில் வயிறு நிறைய மேய்ந்து வந்த ஆடு, விடியலில் துள்ளி விழுந்து, தலையைப் பின்னால் வளைத்து, காலை உதைத்து அடங்கிவிடும். கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் கதை முடிந்திருக்கும்.

காரணம் வெளியிலிருந்து வருவதில்லை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா, நல்ல ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். இளம்புல்லோ தானியமோ திடீரென்று அளவுக்கு மீறி உள்ளே போனால், செரிக்காத மாவுச்சத்தைத் தின்று அதன் டி வகை பெருகுகிறது. எப்சிலான் என்ற நஞ்சுப் புரதத்தைச் சுரக்கிறது.

சுரக்கும்போது அது ஏறக்குறைய செத்த பாம்பு. புரதச் சங்கிலியின் வால்முனையில் உள்ள ஒரு துண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி எறிவது ஆட்டின் சொந்தச் செரிமான நொதிகளான டிரிப்சினும் கைமோடிரிப்சினும்தான். வெட்டியதும் நஞ்சின் வீரியம் பல மடங்கு ஏறுகிறது. ரத்தத்தில் கலந்து மூளை, சிறுநீரகச் செல்களை அடைந்ததும் ஏழு மூலக்கூறுகள் வட்டமாகக் கூடி, செல் சவ்வைத் துளைக்கும் குழாயாகின்றன. அதன் வழியே பொட்டாசியம் வெளியேறும், சோடியம் உள்ளே பாயும், செல் வீங்கிச் சாகும். மூளையின் நுண்குழாய்கள் கசிவதால்தான் அந்தத் துள்ளல். கிளாஸ்ட்ரிடிய நஞ்சுகளில் பொட்டுலினம், டெட்டனசுக்கு அடுத்த கொடுமை இதற்குத்தான். இதன் முப்பரிமாண வடிவம் 2004-இல் வெளியானது.

ரத்தத்தில் ஏறிய நஞ்சை விரட்ட அவகாசம் கிடையாது. முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் முதன்மையான வழி. ஃபார்மலின் கலந்து வீரியம் அழித்த இதே நஞ்சுதான் அதன் சரக்கு. 1932 முதல் இயங்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமும் அதைத் தயாரிக்கிறது.

அந்த ஊசியை எப்போது போடுவது என்பதை மழைதான் முடிவு செய்கிறது. எங்கள் சத்தியவேடு 1960-இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவுக்குப் போனது. வானம் மட்டும் இன்னும் தமிழ்நாட்டுடையது: ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை, அதற்கு முன்னாலேயே ஆவணித் தூறலில் பச்சை தலைகாட்டும். இங்கே ஆடி முடிவதற்குள் ஊசி போட்டாக வேண்டும்.

இன்னொன்றும் அதிகாரிகள் கவனிக்க வேண்டியது. துள்ளுமாரி ஆட்டுக்கு ஆடு தொற்றுவதில்லை. அம்மை போன்ற நோய்களில் ஊரில் பெரும்பாலான ஆடுகளுக்கு ஊசி போட்டால் மிச்சமும் ஓரளவு தப்பும். இதில் பக்கத்துப் பட்டிக்குப் போட்ட ஊசி நம் பட்டியைக் காக்காது. இலக்கில் எண்பது விழுக்காடு எட்டிவிட்டோம் என்ற அறிக்கையால் விடுபட்ட குட்டிக்கு எந்தப் பயனும் இல்லை. முதன்முறை ஊசி போட்ட குட்டிக்கு இரண்டு வாரம் கழித்து மறு ஊசியும் வேண்டும். முகாம் போட்டுவிட்டுப் போகிறவர்கள், அந்த இரண்டாம் நாளையும் அப்போதே குறித்து ஊருக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும்.