இடப்பக்கம் என்றால் எமன் பக்கமா?

மார்பில் கட்டி என்று ஒரு பெண் வீட்டில் சொன்னதும் உறவுக்கூட்டம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பக்கம்?" இடது என்றால் முகங்கள் இருண்டுபோகும்: "ஐயோ, இதயத்துக்குப் பக்கத்துலயா!" வலது என்றால் பெருமூச்சு. அக்குள் ஓரமாக இருந்தால் "நரம்பு வழியா ஏறிடும்" என்பார் ஒருவர். பயாப்சி ரிப்போர்ட் உறையைவிட்டு வெளியே வரும் முன்பே, கட்டி இருக்கும் இடத்தை வைத்து அவள் ஆயுளைக் கணித்துவிடுகிறார்கள். பஞ்சாங்கத்தில் இருக்கும் பல்லி விழும் பலனுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மார்பகத்துக்கும் இதயத்துக்கும் நடுவே தசையும் விலா எலும்புகளும் இருக்கின்றன. புற்றணுக்கள் பக்கத்து உறுப்பாகப் பார்த்துத் தாவுவதில்லை. ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் போகின்றன. இதயத்தில் போய் ஒட்டுவது அபூர்வம். இடது மார்பில் நோய் வருவது வலதைவிடச் சற்று அதிகம் என்பது உண்மை. வந்தபின் பிழைப்பதில் பக்கம் பெரிதாகப் பேசுவதில்லை.

இதயம் இந்தக் கதைக்குள் வருவது வேறு வழியில். ரேடியேஷன் கொடுக்கும்போது இடப்பக்கத்துப் பெண்ணின் இதயத்தில் கதிர் கூடுதலாகப் படும். ஸ்வீடன், டென்மார்க் பெண்களை வைத்து 2013இல் வந்த ஆய்வு, இதயத்தில் படும் ஒவ்வொரு கிரே அளவு கதிருக்கும் மாரடைப்பு போன்ற பாதிப்புகள் 7.4 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது. அதாவது ஆபத்து கட்டியிலிருந்து வரவில்லை, சிகிச்சையிலிருந்து வந்தது. இன்று மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இதயம் மார்புச்சுவரைவிட்டு விலகியிருக்கும் அந்த நொடிகளில் கதிரைச் செலுத்துகிறார்கள்.

இதயத்தில் கதிர் படும் என்ற பயமே என்ன செய்யும் என்பதற்கும் டென்மார்க்கில் சான்று உண்டு. 2003 முதல் 2007 வரை, அக்குள் நிணக்கணுக்களுக்கு நோய் பரவியிருந்த மூவாயிரத்துச் சொச்சம் பெண்களில் வலப்பக்கத்தாருக்கு மட்டும் மார்பெலும்பை ஒட்டிய நிணக்கணுக்களுக்கும் ரேடியேஷன் கொடுத்தார்கள். இதயத்துக்கு அஞ்சி இடப்பக்கத்தாருக்குக் கொடுக்கவில்லை. எட்டு ஆண்டுகளில் உயிரோடிருந்தவர்கள் வலப்பக்கத்தில் 75.9 சதவீதம், இடப்பக்கத்தில் 72.2. இதை மட்டும் கிள்ளியெடுத்து "பார்த்தீர்களா, இடது ஆபத்து" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெண்களைப் பின்னுக்குத் தள்ளியது கிடைக்காமல் போன கதிர்வீச்சு.

அக்குள் பக்கத்துக் கதைக்கு இரண்டு வரி போதும். மார்பகப் புற்றில் ஏறக்குறைய பாதி மேல்-வெளிப் பகுதியில்தான் வருகிறது. பால்சுரப்பித் திசு அங்கேதான் அதிகம். அடிக்கடி வருவது வேறு, கொல்வது வேறு.

நேர்மையாகப் பார்த்தால் எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி உண்டு, அது உள்பக்கம். மார்பகத்தின் உள்பாதியில் இருக்கும் கட்டியின் நிணநீரில் ஒரு பங்கு, மார்பெலும்பின் ஓரமாக விலாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணுக்களுக்குப் போகிறது. அக்குளை மட்டும் சோதித்தால் அங்கே பரவியது தெரியாது, நோயின் நிலை குறைத்து மதிப்பிடப்படலாம். ஜெனீவா புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து 2007இல் வந்த ஆய்வில், ஆரம்பநிலை நோயிலேயே கீழ்-உள்பகுதிக் கட்டி உள்ளவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது.

அப்படியானால் இடம்தானே விதி? அப்படி நம்பிய அறுவை மருத்துவர்களும் இருந்தார்கள். மார்பெலும்பின் ஓரத்தைத் திறந்து அந்தக் கணுக்களையும் வெட்டியெடுத்தார்கள். மிலானில் உம்பர்ட்டோ வெரோனேசியின் குழு 1964 முதல் 1968 வரை 737 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அப்படிச் செய்து பார்த்தது. முப்பது ஆண்டுகள் காத்திருந்து 1999இல் வெளியிட்ட முடிவு: உயிர் பிழைப்பதில் வித்தியாசமே இல்லை. பெண்களுக்கு மிஞ்சியது கூடுதல் காயம். கதிர்வீச்சு மட்டும் ஓரளவு உதவுகிறது. உள்பக்க, நடுப்பக்கக் கட்டியோ அக்குளில் பரவலோ இருந்த 4004 பெண்களிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், அந்தக் கணுக்களுக்கும் கதிர் கொடுத்தபோது 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 19.8 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தார்கள். ஆனால் எல்லாக் காரணத்தாலும் நேர்ந்த இறப்பைக் கணக்கில் எடுத்தால் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கதிரை எங்கே பாய்ச்சுவது என்று மருத்துவர் திட்டமிட இடம் உதவுகிறது. அதற்கு மேல் அதன் சாட்சியம் மெலிந்தது.

இந்த நம்பிக்கை வெறும் அறியாமையாக நின்றால் நான் இவ்வளவு கோபப்படமாட்டேன். "வலப்பக்கம்தானே, பார்த்துக்கலாம்" என்று பெண் தள்ளிப்போடும் மாதங்களில் சிறிய கட்டி பெரிதாகிறது. "இடப்பக்கம், இனி என்ன இருக்கு" என்று குணமாகக்கூடிய நோய்க்குக் கீமோவை மறுக்கிறார்கள். கட்டியின் அளவு, கணுக்களில் பரவல், அணுக்களின் மூர்க்கம், ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 என்ற புரதம் ஆகியவற்றின் முடிவுகள் எல்லாம் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கூடத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

தள்ளிப்போடாமல் தேடினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்களின் மார்பகங்களைக் கையால் சோதித்தார்கள். ஒப்பீட்டுப் பிரிவையும் சேர்த்து ஒன்றரை லட்சம் பெண்கள். 2021இல் வெளியான முடிவில், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மார்பகப் புற்றால் நேர்ந்த இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. சோதிக்கப்பட்ட பெண்களிடம் நோய் சீக்கிரமே பிடிபட்டது, இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும்.