தெரிந்தவனிடம் கேட்காத நாட்டுக்கு அறிவுப் பொருளாதாரம் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

"அறிவை அடிப்படையாகக் கொண்ட நிலைபேறான பொருளாதார மீட்சி". 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்த நாளிலிருந்து இப்படியான வசனங்களைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. ஆட்சி மாறினாலும் வசனம் மாறவில்லை.

நாம் கேட்பது ஒரே கேள்வி. முடிவெடுக்க முன்னர் தெரிந்தவனிடம் கேட்டீர்களா?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அதுவும் நிலைபேறான விவசாயம் என்ற பெயரில்தான். ஒரே போகத்தில் இப்படி மாற முடியாது என்று விவசாயப் பேராசிரியர்கள் எச்சரித்தார்கள். கேட்கவில்லை. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் கைநழுவியது. வேளாண்மை செய்யும் அம்பாறை மாவட்டத்து மக்களுக்கு அதன் வலியை யாரும் விளக்கத் தேவையில்லை. சோறு போட்ட நாடு அரிசியைக் கப்பலில் இறக்கியது.

ஒலுவில் துறைமுகத்தைப் பாருங்கள். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். துறைமுக வாயை மணல் மூடியது. ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. கரையோரமாக நகரும் மணலுக்குக் குறுக்கே கல்லணை போட்டால் ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் அரிக்கும். கரைவலை இழுக்கும் மனிதனுக்கும் தெரிந்த விடயம் இது.

அறிவைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதையும் கண்டோம். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். நம் நாட்டுத் தொழில்நுட்பக்காரர்கள் உருவாக்கிய கியூஆர் முறை வந்து, வாகனத்துக்கு இவ்வளவு என்று வாராந்தப் பங்கு கிடைத்த பிறகுதான் வரிசை குறைந்தது.

ஆனாலும் நாடு 100 ரூபாய் உழைத்தால் ஆராய்ச்சிக்குப் போவது 20 சதம்கூட இல்லை. பல வருடங்களாக இதே கதைதான்.

சரி, கொழும்பை ஏசியது போதும். நாம் என்ன செய்கிறோம்? பாடசாலைக்கு நுழைவாயில் வளைவு கட்ட ஊரெல்லாம் பணம் சேர்க்கிறோம். உள்ளே உயர்தர ஆய்வுகூடத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அளவி. இரசாயனவியல் ஆசிரியர் வெளிநாடு போனால் அந்த இடம் எத்தனை மாதம் வெறுமையாகக் கிடக்கிறது என்று எந்தப் பெற்றார் கூட்டத்திலாவது கேட்டோமா?

"முதலில் டொலர் வரட்டும், அறிவைப் பிறகு பார்க்கலாம்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். கட்டாருக்குக் கூலியாகப் போகிறவன் அனுப்பும் காசும், மின்தொழில் படித்துச் சான்றிதழோடு போகிறவன் அனுப்பும் காசும் ஒன்றா? டொலரும் படிப்பின் பின்னால்தான் வருகிறது.

மணல் மூடிய துறைமுகம் இருக்கும் அதே ஒலுவிலில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதன் விரிவுரையாளர்களை நம் விவசாயிகளோடும் மீனவர்களோடும் வருடத்தில் ஒரு நாளாவது உட்கார வைப்போம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வளைவுக்கு முன்னர் ஆய்வுகூடக் கணக்கைக் கேட்போம். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் வீதி விளக்கோடு விஞ்ஞான ஆசிரியரையும் கேட்போம்.

நாம் கேட்காவிட்டால் அடுத்த திட்டமும் நம்மைக் கேட்காமலேதான் வரும்.