பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது?



பொழுது விடிந்ததும் தந்தை கட்டட வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறார். தாயும் குறித்த நேரத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் வாயிலில் நிற்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையோ முந்தானையை விட மறுக்கிறது. பார்த்துக்கொள்ளக்கூடிய பாட்டி, தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கிறார். பெங்களூருக்குப் பிழைக்க வந்து ஒற்றை அறையில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் காலைதோறும் எழும் கேள்வி இது: பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது?

சிலர் எட்டு வயது அக்காளிடம் ஒப்படைக்கின்றனர். அக்காளின் படிப்பு அத்துடன் நின்றுபோகிறது. வேறு சிலர் கைபேசியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திச் செல்கின்றனர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை கூடவே கூடாது, இரண்டு முதல் நான்கு வயதினருக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. காரணம் எளிது. கைபேசி பேசும்; ஆனால் பிள்ளை பேசுவதைக் கேட்காது. தன் சொல்லுக்கு மறுசொல் கிடைக்கும்போதே குழந்தையின் மொழியும் அறிவும் வளர்கின்றன.

அப்படியானால் வழி என்ன? நாம் கவனியாமல் கடந்து செல்லும் அங்கன்வாடி ஒரு வழியாகும். 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாட்டில் 33 இடங்களில் தொடங்கிய திட்டம் இது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சத்துணவு, தடுப்பூசி, எடைப் பரிசோதனை ஆகியவற்றோடு, மூன்று வயது முதல் பாட்டும் கதையும் விளையாட்டுமாக முன்பருவக் கல்வியும் இங்குக் கிடைக்கிறது. கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இங்கேயே மதிய உணவளிக்கும் மாத்ருபூர்ணா திட்டத்தைக் கர்நாடக அரசு 2017இல் தொடங்கியது.

“நாம் வெளியூரார், நம்மிடம் இவ்வூர் ரேஷன் அட்டை இல்லையே” என்று தயங்க வேண்டாம். வறுமைக்கோட்டு அட்டையை இதற்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. சொந்த ஊர் அங்கன்வாடியில் செய்த பதிவை இங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வசதியுண்டு. அங்கன்வாடிப் பணியாளரிடமே கேளுங்கள். குடிசைப் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தும் மையம் இல்லையெனில், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அதை அமைக்க வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் 2006இல் கட்டளையிட்டது. நாற்பது பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஒரு குடும்பத்தால் இயலாது. ஒரு தெருவால் இயலும்.

“அங்கே கன்னடம்தானே பேசுவார்கள்?” என்பது மற்றொரு தயக்கம். இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பிள்ளையின் பேச்சு கெடுவதில்லை. அங்கே கன்னடம் கற்கட்டும். வீட்டிலே நாம் தமிழில் கதை சொல்வோம். அரிசி களையும்போது எண்ணச் சொல்லிக்கொடுப்பதும், சந்தையில் காய்களின் பெயர் கேட்பதும் செலவில்லாத பாடங்களே.

எனினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. தாய் வேலை முடிந்து வருமுன்பே அங்கன்வாடி மூடிவிடுகிறது. அந்த மாலைப் பொழுதைச் சுமக்க வேண்டியவர்கள் அண்டை அயலாரே. நான்கைந்து குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, நம்பிக்கைக்குரிய ஒரு மூதாட்டியை அமர்த்தி, அவருக்கு உரிய ஊதியத்தையும் பகிர்ந்து கொடுக்கலாம். ஞாயிறன்று நிரம்பி வழியும் நம் சபை மண்டபங்கள் பல, மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே ஒரு பாய், சில படப் புத்தகங்கள், குடிநீர் ஆகியவை போதாவா? ஒன்றை மட்டும் மறவாதிருப்போம்: பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும், யார் வந்து அழைத்துச் செல்வார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஊரிலே திண்ணையும் பாட்டியும் செய்த வேலையை நகரத்தில் நாமே ஒருவருக்கொருவர் செய்தாக வேண்டும். உங்களுக்குச் சிறு பிள்ளை இல்லாதிருக்கலாம். ஆனால் உங்கள் அடுத்த வீட்டுக் கதவுக்குள் ஒரு பிள்ளை தனியே இருக்கிறதா? இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.