பெயர் பெற்ற விருட்சம்

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஸ்பெயின் தேசத்துக்கு உட்பட்ட கானரித் தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான கிரான் கனாரியாவில் வளரும் ஒரு விருட்சத்துக்கு 1998-ம் வருஷத்தில் தாவர சாஸ்திரிகள் பெயரிட்டார்கள். விருட்சம் புதிதன்று, பெயர்தான் புதிது. ஒரு பெயரினால் என்ன ஆகிவிடும் என்று நேயர்கள் கேட்கக்கூடும். அதைச் சொல்லவே இதை எழுதப் புகுந்தோம்.

அத்தீவுகளில் டிராகன் மரம் என்று ஒன்று உண்டு. உலகப் பிரசித்தி பெற்றது. அதன் பட்டையைக் கீறினால் செந்நிறப் பிசின் கசியும். டிராகன் என்னும் பறவை நாகத்தின் இரத்தம் அது என்றனர் ஐரோப்பியர். இவ்வகைச் சிவப்புப் பிசினுக்கு நம்மவர் வைத்த பெயர் கண்டாமிருக இரத்தம். அவரவர் கற்பனைக்கு எட்டிய மிருகம்! டெனெரீஃப் தீவில் நின்ற மிகப் பெரிய டிராகன் மரமொன்றை 1799-ல் கண்ட ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் அதை வியந்து எழுதினார். பின்னர் அது புயலுக்கு இரையாயிற்று. பனைக்கு இல்லாததுபோலவே இதற்கும் வருஷ வளையங்கள் இல்லை. ஆகவே இம்மரங்களின் வயது ஆயிரக்கணக்கில் என்று சொல்லுகிறவர்களுக்குக் குறைவேயில்லை.

கிரான் கனாரியாவின் வடபாகத்தில் ஈரக்காற்று மேகங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தென்மேற்கிலோ வறண்ட பாறையும் செங்குத்தான பள்ளத்தாக்குகளுமே. அர்கினெகின் போன்ற அப்பள்ளத்தாக்குகளின் உச்சிப் பாறைகளில் சில டிராகன் மரங்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. பார்த்தவர்கள் அவையும் பழைய டிராகன் மரமே என்று எண்ணிப் போனார்கள். ஒரே தீவில் இரண்டாவது ஜாதி இருக்குமென்று யாருக்குத்தான் தோன்றும்?

மர்ரேரோ, அல்மேய்தா, கொன்ஸாலெஸ்-மார்ட்டின் என்னும் மூவருக்குத் தோன்றிற்று. இலையையும் பூங்கொத்தையும் கூர்ந்து நோக்கினார்கள். இலை தடித்து, நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாய், வாய்க்கால்போல் குழிந்திருந்தது. பக்கத்திலுள்ள டிராகன் மரத்தைவிட, சோமாலியா, எத்தியோப்பியா, அரேபியா முதலிய தூர தேசங்களின் டிராகன் மரங்களையே அது அதிகம் ஒத்திருந்தது. இடையிலே கிடப்பதோ சகாராப் பாலைவனம்! சகாரா இத்தனை வறளாதிருந்த பண்டைக் காலத்தில் இவ்வினம் ஆப்பிரிக்காவின் குறுக்கே பரவியிருக்க வேண்டும். நடுவிலிருந்தவை மடிய, இரு ஓரங்களில் எஞ்சியவையே இவை என்று கருதுகிறார்கள். சொந்தக்காரர்களைப் பிரிந்து எத்தனை யுகங்களாக அது அத்தீவில் தனித்து நிற்கிறதோ, யாரறிவார்?

அதற்கு 'டிராசீனா தமரானே' என்று பெயர் சூட்டினார்கள். தமரான் என்பது அத்தீவுக்குப் பூர்வகுடிகள் வழங்கிய பெயர் என்பர். 1483-ல் காஸ்டைல் ராஜ்யத்தின் படை அத்தீவை முற்றும் கைக்கொண்டது. அந்த ஜனங்களின் பாஷையும் நாளடைவில் மறைந்தது. அன்னியர் தீவுக்கு இட்ட பெயர் தேசப் படத்தில் நிலைத்துவிட, சுதேசப் பெயருக்கு ஒரு மரத்தின் லத்தீன் பெயரிலே இடம் கிடைத்திருக்கிறது. இதை ஆறுதல் என்பதா, பரிகாசம் என்பதா என்று நமக்கு விளங்கவில்லை.

பழைய டிராகன் மரம் தேசதேசாந்தரங்களின் பூங்காக்களில் அழகுக்காக வளர்க்கப்படுவது. அதே மரம் என்று நினைத்திருந்தவரையில், ஏதோ ஒரு பாறையில் நாலு மரம் பட்டுப்போனால் கேட்பாரில்லை. வேறு ஜாதி என்று தெரிந்தபின் எண்ணிப் பார்த்தார்கள். உலகத்திலேயே காட்டில் நிற்பவை நூற்றுக்கும் குறைவு என்று தெரிந்தது. அழியும் அபாயத்திலுள்ள தாவரங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பெயரில்லாததை எந்தப் பட்டியலில் எழுதுவது?

அவை பாறை உச்சியை நாடிப் போனவை என்றும் நாம் நினைக்கவில்லை. கீழே முளைத்ததை ஆடு தின்றது. ஆடு ஏற முடியாத இடத்தில் முளைத்தது மட்டும் பிழைத்தது. டிராகன் மரமோ மெள்ள வளர்வது. முதற் பூ பூக்கவே பல வருஷங்கள் செல்லும். விதையெடுத்துத் தோட்டங்களில் நாற்று வளர்க்கிறார்கள். காட்டாடுகளை என்ன செய்வது என்ற வழக்கு மட்டும் அத்தீவில் இன்னும் தீரவில்லை.